எத்தனை மணிக்கு வரும் அந்த ரயில்?

ரயில்வே சர்வே என்றால் முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பவர்தான் நினைவுக்கு வருவார். அதற்கும் முன்னால் இன்னொரு சர்வே உண்டு. பஸ் ஸ்டாண்டில் அட்டையில் படிவத்தைச் சொருகிக்கொண்டு, ‘எங்கேர்ந்து வர்றீங்க, எங்கே போறீங்க’ என்று ஒவ்வொருவராகக் கேட்பது. புறப்படும் இடம், சேரும் இடம் (ஆரிஜின்–டெஸ்டினேஷன்) இரண்டையும் கேட்பதால் எங்கள் வட்டாரத்தில் ‘ஓ.டி. சர்வே’ என்போம். ஓர் ஆலோசனை நிறுவனத்துக்காக ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் அந்த வேலையை மேற்பார்த்தேன்.

காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை 462 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை என்பது வெகுகாலப் பேச்சு. “இதுக்கு சர்வே எடுக்காத வருஷம் உண்டா தம்பி?” என்பார் கீழக்கரை டீக்கடைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). குறை சொல்ல முடியாது. ஆனால் சர்வேயின் எண்களை வைத்துத்தான் பணம் நகரும் என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை.

விஷயம் இதுதான். புதிய பாதைக்குப் போடும் முதலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்று ரயில்வே கணக்குப் பார்க்கும். அதற்கு வருவாய் விகிதம் என்று பெயர். வெகுகாலம் 14 சதவீதம் வந்தால்தான் திட்டம் தேறும் என்பது விதி. தேறாத பாதைகளும் அரசியல், பாதுகாப்பு, பின்தங்கிய பகுதி என்று வேறு காரணங்களால் பட்டியலில் ஏறியிருக்கின்றன, ஏறியும் என்ன? தமிழ்நாட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் ஒதுக்கிய பட்ஜெட்டுகளைப் பார்த்திருக்கிறோம். திட்டம் சாகவில்லை என்று காட்ட அந்த ஆயிரம். எங்கள் படிவம் அச்சடித்த செலவுக்குக்கூட அது காணாது.

இந்தக் கரையில் அந்த விகிதம் ஏன் தேறாது என்பது எனக்கு சாயல்குடியில் விளங்கியது. மீன் விற்கும் ஓர் ஆத்தா, அன்னக்கூடையில் சூடையும் காரலும் நிரப்பி, மேலே ஐஸ்கட்டியைத் தட்டிப் போட்டு, ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு நின்றார். விடிகாலை ஏலத்தில் எடுத்த மீன். கூடையைப் பார்த்தால் கண்டக்டர் முகம் சுளிப்பார் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேனுக்குக் காசு கொடுத்துப் போகிறார்கள். என் படிவத்தில் பஸ், கார், இருசக்கர வாகனம் என்று கட்டங்கள் இருந்தன. பங்கு போட்டுப் போகும் சரக்கு வேன் இல்லை. ‘மற்றவை’யில் போட்டேன். கடைசிக் கேள்வி, ரயில் வந்தால் அதில் போவீர்களா என்பது.

“எத்தனை மணிக்கு வரும் தம்பி?”

அதற்குக் கட்டமே இல்லை. ஆறரைக்கு வந்தால் அவர் தினப் பயணி, பத்தரைக்கு வந்தால் அவர் ரயிலையே எட்டிப் பார்க்க மாட்டார். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால் எதைக் குறிப்பது? கருப்பட்டி வியாபாரியும், மில்லுக்குப் போகும் பெண்களும், ராமநாதபுரம் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டது இதையேதான். ரயில் இல்லாமலே பழகிவிட்ட ஜனங்களின் இன்றைய பயணத்தை எண்ணி, நாளைய ரயிலுக்குக் கூட்டம் போதாது என்று எழுதுகிறோம். உத்தேச நேரமும் கட்டணமும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதிலே வேறாக வரும் என்று நான் அறிக்கைக் குறிப்பில் எழுதினேன். இறுதி அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை.

பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குச் சுமார் 550 கோடி செலவானது. அதே 2025 ஜூலையில் பரமக்குடி–ராமநாதபுரம் சாலையை 46.7 கிலோமீட்டருக்கு நான்கு வழியாக்க 1,853 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதைக்கு 2019-லேயே அடிக்கல் நாட்டினார்கள். சுற்றுச்சூழலைச் சொல்லி மாநில அரசு வேண்டாம் என்றது. என்னைக் கேட்டால், 1964 புயல் வாரிக்கொண்டுபோன மணல்திட்டுக்குச் சுற்றுலாப் பாதை போடும் அவசரத்தைவிட, நாள்தோறும் ஜனங்கள் போய்வரும் ராமநாதபுரம்–கீழக்கரை முக்கியம். பெங்களூரு புறநகர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: 148 கிலோமீட்டர், 15,767 கோடி. மத்திய அரசு 20 சதவீதம், மாநிலம் 20, மிச்சம் கடன். மாநிலம் பையில் கைவிட்டதால்தான் அது 2020-ல் ஒப்புதல் வரை வந்தது. சரி, பெங்களூரு கூட்டம் எங்கே, சாயல்குடி எங்கே என்பீர்கள். நியாயம்தான்.

அதனால்தான் சின்னதாகக் கேட்கச் சொல்கிறேன். பரமக்குடியில் விடியலில் கிளம்பி, சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று நின்று, பள்ளியும் ஆபீசும் திறக்குமுன் ராமேஸ்வரம் சேரும் ஒரு டெமு, அதாவது டீசலில் ஓடும் குறுந்தூரப் பயணிகள் ரயில். மாலையில் அதுவே திரும்ப வேண்டும். புதிய பாலத்தின் தூண்களை இரண்டு பாதைக்குத் தாங்குமாறு கட்டியிருக்கிறார்கள், தண்டவாளம் ஒன்றுதான். அந்த ஒன்றே இப்போதைக்குப் போதும். நிலம் எடுக்க வேண்டாம், 14 சதவீதக் கணக்கும் வேண்டாம். ஒரு வண்டித்தொடரும், எதிரே வரும் வண்டி விலகிப்போக நேரமும் ஒதுக்கினால் ஆகும் காரியம். உச்சிப்புளி வாத்தியாரும் ராமேஸ்வரம் கடைச் சிப்பந்தியும் அதில் ஏறத் தொடங்கினால், அடுத்த சர்வேக்காரனுக்கு எண்ணுவதற்கு ரயிலில் ஆளாவது இருக்கும்.