ஒன்பது சதவீதம்

செப்டம்பர் 26, 2023, செவ்வாய். இரவு 11.40

பட்டறையில் என்னிடம் வேலை செய்யும் சின்னவனுக்கு இன்று விரல் போய்விட்டது. இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தோடு சேர்ந்த முதல் கணு.

மாலை நான்கேகால் இருக்கும். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. மேசை ரம்பத்தில் பூஜை அலமாரிக்கு வேப்பம்பலகையில் சட்டம் கிழித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு துண்டுதான் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். நான் உள்ளே பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் திடீரென்று மாறியது. மோட்டார் முக்குகிற மாதிரி ஒரு சத்தம், அடுத்த நொடி 'டமார்' என்று பலகை அவனுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் மோதியது.

அவன் கத்தவில்லை. "அண்ணே, மெஷினை நிப்பாட்டுங்க" என்றான்.

நிறுத்த முடியவில்லை. சுவிட்ச் அமுங்கியபடியே இருக்க டேப் சுற்றியிருந்தோம். பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும். பிளக்கோ எட்டடி தள்ளி, சாய்த்து வைத்த பிளைவுட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் அதைத் தேடிப் பிடுங்கும் வரை பிளேடு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 27, புதன்

விரலை ஒட்ட முடியாது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். எலும்பைக் கொஞ்சம் குறைத்து, தோலை இழுத்து மூடித் தைத்திருக்கிறார்கள். டிடி ஊசியும் போட்டாயிற்று.

நுனியை நான் கொண்டு போயிருந்தேன். டீக்கடைக்காரர் ஒரு கவர் நிறைய ஐஸ் கட்டி கொடுத்தார், அதற்குள்ளேயே விரல் துண்டைப் போட்டு எடுத்துப் போனேன். புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைப்பு. டாக்டர் கோபப்படவில்லை, நிதானமாகச் சொன்னார். துண்டான விரலை நேராக ஐஸில் போடக்கூடாது. சுத்தமான துணியைச் சலைனிலோ நல்ல தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்து, அதில் சுற்றி, தண்ணீர் புகாத கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேராகப் போட்டால் சதை உறைந்து கெட்டுவிடும்.

"சரியா கொண்டு வந்திருந்தா ஒட்டியிருக்கலாமா சார்?" என்று கேட்டேன். இல்லை என்றார். கத்தியோ உளியோ வெட்டினால் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும், பொருத்திப் பார்க்கலாம். ரம்பம் வெட்டுவதில்லை, தின்றுவிடுகிறது. பல்லின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் என்றால் அந்த இரண்டு மில்லிமீட்டர் எலும்பும் நரம்பும் எங்கேயும் இருக்காது. மரத்தூளோடு போய்விடும்.

முப்பது வருடமாக மரம் அறுக்கிறேன். அறுப்புக்கு இவ்வளவு போகும் என்று கூடுதலாக அளவு வைத்துக் கோடு போடுகிறவன் நான். கைக்கும் அதே கணக்குத்தான் என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. காயம் பட்டதும் பெரியாசாரி காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். கையைத் தட்டிவிட்டேன், அவருக்கு வருத்தம். அது ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன். துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்கி வைத்திருந்தால் போதுமாம். தூளைக் கொட்டினால் அதைக் கழுவி எடுப்பதே அவர்களுக்குப் பெரிய வேலையாகிவிடுமாம்.

செப்டம்பர் 29, வெள்ளி

இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த மேசையைச் செய்தது நான்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டைல்ஸ், மார்பிள் அறுக்கிற கட்டர் மெஷினை வாங்குவோம். பிளேடை மூடியிருக்கிற அதன் கார்டைக் கழற்றுவோம். கல் பிளேடை எடுத்துவிட்டு மர பிளேடு மாட்டுவோம். மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு முறுக்கி, பிளேடு மட்டும் மேலே தெரிகிற மாதிரி நீளமாக ஒரு துளை போட்டால் மேசை ரம்பம் தயார். சைட்டுக்குச் சைட் தூக்கிக்கொண்டு போகலாம். ஊரில் பாதி அலமாரிகள் இப்படி ஒரு மேசையில் அறுபட்டவைதான். நான் செய்தது 2015இல். நன்றாக வந்திருக்கிறது என்று பக்கத்துப் பட்டறைக்காரர் அளவெடுத்துக்கொண்டு போனார், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மெஷினில் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 200 சுற்று. பிளேடு 110 மில்லிமீட்டர், 30 பல். பல்லின் நுனி போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். சுரீர் என்று பட்டதும் கையை இழுக்க நமக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் பிளேடு 40 சுற்று சுற்றி, 1,200 பல் அந்த இடத்தைக் கடந்துவிடும். 'நான் உஷாரா இருப்பேன்' என்று பேசுகிறோமே, அது இந்த 1,200க்கு முன்னால் ஒரு பேச்சா?

பலகை ஏன் எகிறியது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். மரத்துக்குள் ஒரு இறுக்கம் உண்டு. கிழிக்கக் கிழிக்க அது அவிழும். சில பலகை விரிந்து கொடுக்கும், சில பலகை மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் கீழேயிருந்து மேலே ஏறி வருபவை. அவை பலகையைத் தூக்கி, தள்ளுகிறவன் மேலேயே எறியும். அந்த நொடியில் கைக்கு முன்னால் பலகை இருக்காது. தள்ளின வேகத்தில் கை மட்டும் முன்னே போகும்.

முறையான மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும், பலகை மூடிக்கொள்ள விடாது. மேலே ஒரு மூடி இருக்கும். என் மேசையில் இரண்டும் இல்லை. எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது சரியான மேசை என்றாகிவிட்டது. பழகாத பையனுக்குத்தான் அடிபடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சின்னவன் பழகாதவன் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து வருடம் பிசகாமல் செய்து வந்தவன்.

அக்டோபர் 2, திங்கள்

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காப்பி கொடுத்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 5, வியாழன்

விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் "கிளவுஸ் வாங்கிப் போடுங்கண்ணே" என்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் தப்பான யோசனை. மரம் ஏற்றி இறக்க, தகரம் தூக்க கிளவுஸ் வேண்டும். சுற்றுகிற டிரில் பிட்டுக்கும் பிளேடுக்கும் பக்கத்தில் கூடாது. வெறும் கையில் பட்டால் அந்த இடத்தோடு போகும். துணியில் பட்டால் அது சுருட்டிக்கொண்டு மொத்தக் கையையும் உள்ளே இழுக்கும். எனக்கே நடந்திருக்கிறது. கையுறையோடு டிரில் பிடித்தேன், பிட் நூலைக் கவ்வி மணிக்கட்டைத் திருகிவிட்டது. மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இதே காரணத்துக்காக இன்று எல்லோர் தோளிலிருந்தும் துண்டை இறக்கி வைக்கச் சொன்னேன். வேட்டி வேண்டாம், பேன்ட் போட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். கையில் கட்டியிருக்கிற சாமி கயிற்றில்தான் சிக்கல் வந்தது. பாலிஷ் போடும் தம்பி மணிக்கட்டில் நான்கு கயிறு கட்டியிருக்கிறான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோயில். "அதைக் கழட்டினா ஏதாவது ஆயிடும்ணே" என்கிறான். இருக்கிற நிலைமையில் என்னால் சிரிக்கவும் முடியவில்லை. கடைசியில் பெரியாசாரிதான் வழி சொன்னார். நான்கையும் முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டான். சாமிக்கும் சம்மதம், டிரில்லுக்கும் எட்டாது.

அக்டோபர் 9, திங்கள்

மச்சான் மகன் ஒரு வீடியோ காட்டினான். ஓடுகிற ரம்பத்தில் ஒரு சாசேஜை, அதாவது கறி அடைத்த குழலை, தள்ளுகிறார்கள். தொட்ட மாத்திரத்தில் பிளேடு நின்றுவிடுகிறது, சாசேஜில் ஒரு கீறல்தான். சாஸ்டாப் என்று பெயர். ஸ்டீபன் கேஸ் என்ற அமெரிக்கர் 1999இல் யோசித்தது. பிளேடில் லேசான மின்சைகை ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு பட்டால் அது மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் செருகிக்கொள்ளும். ஐந்து மில்லி செகண்டில் எல்லாம் முடிந்துவிடும். பிளேடும் கட்டையும் வீண், விரல் மிச்சம். அந்த மனிதர் தன் சொந்த விரலையே வைத்துச் சோதித்துப் பார்த்தாராம்.

என் கணக்குக்கு அது ஒரே ஒரு சுற்று. 40 சுற்று எங்கே, ஒரு சுற்று எங்கே. விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, சனி

"இருபதாயிரம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிடுப்பா, நாளைக்குப் பேச்சு வராது" என்று சங்கத்துக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். தம்பி முறை வேண்டும் வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1923ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பட்டறை சின்னது என்பதெல்லாம் அதில் தப்பிக்கிற வழி இல்லை.

அதில் ஒரு அட்டவணை. உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். பெருவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் ஏழு ஏழு. ஆள்காட்டியில் ஒரு கணு மட்டும் என்றால் 9. சின்னவனுக்கு வயது 22. மாதம் 15,000 என்பது கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு, அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கான பெருக்கு எண் 221.37. இரண்டையும் பெருக்கி, அதில் ஒன்பது சதவீதம் எடுத்தால் 1,79,310 ரூபாய். வைத்தியச் செலவு தனி. இதற்கென்று இன்சூரன்ஸ் இருக்கிறதாம், வருடா வருடம் கட்டியிருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்கள். டெம்போவுக்கு மறக்காமல் கட்டுகிறேன்.

கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நகை வைத்தாயிற்று. வீட்டம்மா எதுவும் கேட்காமல் கழற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அந்த ஒன்பது எனக்குப் புரியவில்லை. உளியை வலது கை தட்டும், முனை எங்கே இறங்க வேண்டும் என்று தடவிப் பார்த்து நிறுத்துவது இடது ஆள்காட்டி விரல். இழைத்த பலகையில் மேடு பள்ளம் பார்ப்பதும் அதே நுனிதான். கடைக்காரனுக்கு அது ஒன்பதாக இருக்கலாம்.

அட்டவணையைப் பெரியாசாரிக்கும் படித்துக் காட்டினேன். தன் மோதிர விரலைத் தூக்கிப் பார்த்தார். இழைப்பு மெஷினில் போனது, நுனிக் கணு. "எனக்கு எவ்வளவு?" என்றார். ஐந்து என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்போது முதலாளி என் அப்பா. அவர் கொடுத்தது ஒரு வேட்டியும் இருநூறு ரூபாயும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 20, வெள்ளி

புது மேசை ரம்பம் நேற்று வந்தது. தகடு, மூடி எல்லாம் இருக்கிறது. கடன்தான். அதற்கு மேல், தோட்டத்து மோட்டாருக்கு வைக்கிற பச்சை சிவப்பு ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் மாட்டச் சொன்னேன். டேப் சுற்றின சுவிட்சில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். இதில் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.

மத்தியானம் நிஜமாகவே கரண்ட் போனது. வந்தபோது ஃபேன் சுற்றியது, ரேடியோ பாடியது, மெஷின் மட்டும் சும்மா இருந்தது. நாங்கள் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

பழைய மேசையை முந்தாநாள் பிரித்தேன். கட்டரைக் கார்டு போட்டுத் திரும்பக் கல் மெஷினாக்கியாயிற்று. பிளைவுட் பலகையை எரிக்க வேண்டாம், பாவம் என்றார் பெரியாசாரி. பாவம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது, நடுவில் அந்தத் துளையோடு.

உளி, இழைப்புளி, வாய்ச்சி, டிரில் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினோம். பொரி, சுண்டல், பூசணிக்காய். சின்னவன் அவன் அம்மாவோடு வந்தான். கட்டுப் பிரித்துவிட்டார்கள். நுனி சிவந்து மொழுக்கென்று இருக்கிறது. எதன் மேல் லேசாகப் பட்டாலும் சுரீர் என்கிறதாம்.

ஒவ்வொரு வருடமும் மாவிலைத் தோரணம் கட்டுவது அவன் வேலை. கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். ஒரு பக்கம் ஆணியில் சுற்றிவிட்டான். மறுபக்கம் முடிச்சுப் போட வரவில்லை. நூல் வழுகி வழுகி வந்தது. மூன்று தடவை முயன்றான். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி சுண்டலை அள்ளிக்கொண்டிருந்தோம். அவன் அம்மா எழுந்து போய், "இறங்குடா" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறித் தானே முடிந்தார்கள்.