அந்தச் சிவப்பு எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

டர்பனில் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பேர் கிளம்பிவிட்டால் போச்சு. கோவில் கமிட்டி லேப்டாப், பெரியப்பாவின் பழைய டெஸ்க்டாப், பக்கத்து வீட்டுப் பையனின் காலேஜ் லேப்டாப் எல்லாம் அவன் தலையில்தான் வந்து விழும். எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் ஒரே புகார்: "வைரஸ் வந்துருச்சுப்பா, ஆன்டிவைரஸ் முடிஞ்சு போச்சுன்னு விடாம வருது, பணம் கட்டட்டுமா?" கட்டாதீர்கள். போனில் முதலில் இதைத்தான் சொல்வேன், இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தால் பல நேரம் வைரஸே இருக்காது. வைரஸ் இருக்கிறது என்று கத்துகிற ஒன்றுதான் இருக்கும். அந்தக் கத்தல் பிரவுசரிலிருந்து வருகிறதா, இல்லை உண்மையிலேயே உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்ட புரோகிராமிலிருந்து வருகிறதா என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பார்க்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஃபார்மட் அடித்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துத்தான் தருவார்கள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற என் அத்தையிடம் ஒரு கடைக்காரர் அப்படித்தான் சொல்லி, கூடவே ஒரு புது ஆன்டிவைரஸையும் தலையில் கட்டப் பார்த்தார். நல்லவேளை, கையில் காசு இல்லை என்று வந்துவிட்டார்.

அத்தை லேப்டாப்பில் நடந்தது இதுதான். திரையின் வலது கீழ் மூலையில் நிமிஷத்துக்கு ஒரு பெட்டி எழும்பி வருகிறது. மெக்காஃபி என்கிற ஆன்டிவைரஸின் லோகோ, சிவப்பு ஆச்சரியக்குறி, "உங்கள் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று ஆங்கிலத்தில். அந்த லேப்டாப்பில் மெக்காஃபி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை! "கண்ணாடி போட்டுக்கிட்டு லோகோவுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க அத்தை" என்றேன். சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் குரோம் என்ற பெயர், அதையொட்டி வாயில் நுழையாத ஒரு வெப்சைட் முகவரி. அவ்வளவுதான் விஷயம். இலவசமாகத் தமிழ் சீரியல் பார்க்கிற ஏதோ ஒரு சைட்டில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று வந்திருக்கிறது, அத்தை ரோபோ இல்லாததால் அழுத்திவிட்டார். அந்த ஒரு அழுத்தலில் அந்த சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி போய்விட்டது, சைட்டை மூடின பிறகும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆன்டிவைரஸ் வைத்து ஸ்கேன் செய்தால் ஒன்றும் சிக்காது, சிக்குவதற்கு அங்கே ஃபைலே கிடையாது.

எடுப்பது சுலபம். குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி கொடுத்த சைட்டுகள் வரிசையாக இருக்கும், உங்களுக்குத் தெரியாதது எல்லாவற்றையும் ரிமூவ் செய்யுங்கள். எந்த சைட்டும் இனிமேல் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று அதே பக்கத்தில் அடைத்தும் வைக்கலாம், பெரியவர்கள் கம்ப்யூட்டரில் நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவேன். எட்ஜ் பிரவுசராக இருந்தால் செட்டிங்ஸைத் திறந்து நோட்டிஃபிகேஷன் என்று தேடினால் போதும். அப்படியே எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற குட்டி புரோகிராம்களின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள், யாரும் போடாத "சர்ச் உதவி", "கூப்பன் உதவி" எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

அடுத்த வகை, திரை முழுக்க நீலமோ சிவப்போ பரப்பி, சைரன் அடித்து, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போன் நம்பர் கொடுப்பது. இதுவும் வெறும் வெப்பக்கம்தான். தங்களுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது, ஆகவே நம்பரைக் கண்டதும் முடிவு கட்டிவிடலாம். ஒரு வெப்பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கை ஸ்கேன் செய்யவும் முடியாது. பச்சைக் கோடு ஓடி ஓடி, சில விநாடியில் வைரஸ் பட்டியல் வருவதெல்லாம் சும்மா அனிமேஷன், சந்தேகமிருந்தால் அந்த மாதிரிப் பக்கம் மேக்கிலோ போனிலோ வரும்போது பாருங்கள், அங்கே இல்லாத சி டிரைவில் வைரஸ் பிடித்துக் காட்டும். எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்கள். அப்புறம் பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சைரன் மறுபடியும்.

மூன்றாவதுதான் நிஜமாகவே உள்ளே இருப்பது, ஆன்டிவைரஸ் என்று வேஷம் போட்ட போலி புரோகிராம். இது பழைய தொழில். வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் இதை விற்ற கூட்டத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008-இல் வழக்குப் போட்டு, 2012-இல் 163 மில்லியன் டாலருக்குத் தீர்ப்பு வந்தது. மேக்குக்கு வராது என்று மார்தட்டியவர்களுக்கு 2011-இல் மேக் டிஃபெண்டர் என்று ஒன்று வந்தது. எனக்கு மறக்க முடியாதது 2014-இல் கூகுள் பிளேயில் 3.99 டாலருக்கு விற்ற வைரஸ் ஷீல்ட். தொட்டால் ஐகானில் இருக்கிற பெருக்கல் குறி டிக் குறியாக மாறும், வேறு எந்த வேலையும் அது செய்யாது! 10,000-க்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள், பிறகு கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இப்படி ஒன்று உள்ளே இருந்தால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை ஆரம்பித்த நாளையொட்டி வந்தவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விடமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், அங்கே ரீஸ்டார்ட், பிறகு 5-ஐ அழுத்துங்கள். அத்தியாவசியமானவை மட்டும் ஓடுகிற சேஃப் மோடில், இணையத்தோடு திறக்கும், பெரும்பாலான போலிகள் அங்கே எழுந்திருக்காது. மால்வேர்பைட்ஸ் என்கிற நீக்கும் கருவியின் இலவசப் பதிப்பை வைத்து ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். சாதாரணமாகத் திரும்பி வந்தபின் விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கிற, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஒரு 15 நிமிஷம் எடுக்கும், கரண்ட் போகிற நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். எல்லாம் போன பிறகு இணையம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸியை, அதாவது இணையத்துக்குப் போகும் வழியில் நடுவே நிற்கிற முகவரியைப் பாருங்கள், போலி அங்கே தன் முகவரியை எழுதிவிட்டுப் போயிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தப் போலியின் பெயரை கூகுளில் போட்டு எப்படி நீக்குவது என்று தேடுவீர்கள் இல்லையா, அங்கேதான் இரண்டாவது பொறி. மேலே விளம்பரமாக வருகிற "நீக்கும் கருவி"களில் பாதி அதே ரகம். இலவசமாக ஸ்கேன் செய்யும், நூற்றுக்கணக்கில் கோளாறு காட்டும், சரிசெய்யக் காசு கேட்கும். கம்ப்யூட்டரில் கோளாறு என்று பொய்யாகப் பயமுறுத்தி விற்றதாக ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் 2024-இல் அதே ஆணையத்துக்கு 26 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதனால் தேடாதீர்கள், மால்வேர்பைட்ஸ் மாதிரித் தெரிந்த கருவியின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். விண்டோஸ் 8-இலிருந்து டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

சரி, ஏற்கெனவே பணம் கட்டிவிட்டால்? கம்ப்யூட்டரை விடுங்கள், முதலில் கார்டின் பின்னால் இருக்கிற நம்பருக்குப் பேங்குக்கு போன் போட்டுக் கார்டை நிறுத்துங்கள், பணம் போனதற்குப் புகாரும் பதியச் சொல்லுங்கள். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடுகிற எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடவைத்து உள்ளே யாரையாவது விட்டிருந்தால் உடனே வைஃபையை அணைத்து, வேறு போனிலிருந்து ஈமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அடையாள அட்டை நம்பர் கொடுத்திருந்தால் தென்னாப்பிரிக்காவின் மோசடித் தடுப்பு அமைப்பான எஸ்ஏஎஃப்பிஎஸ்ஸில் இலவசமாக உங்கள் பெயரைப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம், உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கொடுப்பவருக்கு எச்சரிக்கை போகும். கொஞ்ச நாள் கழித்து "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு போன் வரும், அதுவும் அவர்களேதான்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் குழப்பம் நியாயமானது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று வருகிற செய்தி பொய்யில்லை, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அது உண்மையிலேயே முடிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதிவு செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்தப் பதிவு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நடக்கும். அதையே சாக்காக வைத்து பிரவுசரில் ஒரு பெட்டி வந்து கார்டு நம்பர் கேட்டால் மூடிவிட்டு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தை நீங்களே போய்த் திறந்து பாருங்கள்.