நாய்க் காப்பீடு: அந்த 14 நாளில் என்ன நடக்கிறது?

பாலிசி எடுத்த பத்தாம் நாள் நாய் லேசாக நொண்டுகிறது. காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கியும் கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப நாட்கள்) 14 நாள்தானே, இன்னும் நாலு நாள் பொறுத்து டாக்டரிடம் கூட்டிப் போனால் கிளெய்ம் கிடைத்துவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கிடைக்காது. "எப்போதிலிருந்து நொண்டுது?" என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. "ஒரு வாரமா" என்ற பதில் அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறும். கிளெய்ம் போனதும் நிறுவனம் அந்தக் குறிப்பைத்தான் வரவழைத்துப் படிக்கும்.

அமெரிக்காவில் விற்கும் பாலிசிகளை வைத்தே இங்கே பேசுகிறோம். காத்திருப்புக் காலத்துக்குள் தலைகாட்டிய கோளாறு, 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். பதினைந்தாம் நாளிலும் அதற்குப் பணம் வராது, மூன்று வருடம் கழித்தும் பெரும்பாலும் வராது. நோய்க்குப் பெயர் வைத்த தேதியை யாரும் பார்ப்பதில்லை, அறிகுறி தெரிந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். ஒன்பதாம் நாள் "தண்ணீர் அதிகம் குடிக்கிறது" என்று எழுதப்பட்டு, நாலு மாதம் கழித்துச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால், அந்த ஒரு வரியே கிளெய்மை நிராகரிக்கப் போதும்.

ஒரே பாலிசிக்குள் பல கடிகாரங்கள் ஓடும். விபத்துக்குச் சில நாள், சிலவற்றில் அதுவும் இல்லை. நோய்க்குப் பெரும்பாலும் 14 நாள், சிலவற்றில் 30. முழங்கால் தசைநார்க் கிழிசலுக்குப் பல நிறுவனங்கள் 6 மாதம் வைத்திருக்கின்றன. எல்லாக் கடிகாரமும் பாலிசி அமலுக்கு வரும் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பணம் கட்டிய நாளும் அமலுக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

14 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. நாயின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சில சமயம் இரண்டு வாரம். நாய்களின் தொற்று இருமலும் அந்த அளவுக்குள் வெளிப்பட்டுவிடும். ஆக, முதல் இரண்டு வாரத்தில் வரும் தொற்று பாலிசிக்கு முன்பே ஒட்டிக்கொண்டது என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இதயப்புழு இன்னும் வில்லங்கம். கொசு கடித்த பிறகு பரிசோதனையில் தெரிய 5 முதல் 7 மாதம் ஆகும். பாலிசியின் இரண்டாம் மாதத்தில் பாசிட்டிவ் வந்தால், காத்திருப்புக் காலம் முடிந்திருந்தாலும், தொற்று அதற்கு முன்பே வந்தது என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. பாலிசி எடுத்த உடனேயே ஒரு பரிசோதனை செய்து வைப்பதும், தடுப்பு மாத்திரை வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வைப்பதும் பின்னால் கைகொடுக்கும்.

பலர் அடிபடுவது முழங்கால் கிளெய்மில்தான். பந்தைத் துரத்தும்போது கிழிந்தது, விபத்துதானே என்று நாம் நினைப்போம். நாய்களில் இந்தத் தசைநார் பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து நைந்துதான் கடைசியில் அறுகிறது. அதனால் பல பாலிசிகள் இதை விபத்தில் சேர்ப்பதில்லை. இருபக்க விலக்கு என்று ஒரு விதியும் உண்டு: ஒரு கால் பாலிசிக்கு முன்போ காத்திருப்புக் காலத்திலோ பழுதானால், மற்றக் காலுக்கும் பணம் இல்லை. ஒரு கால் கிழிந்த நாய்களில் பலவற்றுக்கு மற்றதும் கிழிவதால், இந்த விதி சும்மா எழுதி வைத்த வரி இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஒரு காலுக்கே பல ஆயிரம் டாலர். லேப்ரடார், ராட்வைலர் வளர்ப்பவர்கள் பிரீமியத்தை ஒப்பிடுவதற்கு முன் இந்த விதியைத் தேடிப் படிக்க வேண்டும்.

6 மாதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. சில நிறுவனங்கள், டாக்டர் முழங்காலையும் இடுப்பையும் சோதித்துத் தங்கள் படிவத்தில் கையெழுத்திட்டால், காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும் அல்லது குறைக்கும். பரிசோதனைச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். படிவத்தை அனுப்பக் கெடு இருக்கும், அதைத் தவறவிட்டால் வாய்ப்பு போய்விடும். அதோடு, பரிசோதனையில் ஏதாவது தட்டுப்பட்டால் அதுவும் குறிப்பில் ஏறும்.

அமெரிக்க மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர்கள் சேர்ந்த தேசியச் சங்கம் (NAIC) 2022-இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதன்படி விபத்துக்குக் காத்திருப்பே கூடாது. நோய்க்கும் விபத்தால் வராத எலும்பு, மூட்டுக் கோளாறுக்கும் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. மருத்துவப் பரிசோதனை மூலம் அதைத் தள்ளுபடி செய்யவும் வழி வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய் என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையது. ஆனால் சட்டமாக ஏற்றுக்கொண்ட மாநிலங்களில்தான் இது செல்லும். உங்கள் மாநிலம் எந்தப் பக்கம் என்று மாநிலக் காப்பீட்டுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

நிறுவனம் மாற்றுபவர்கள் செய்யும் தவறு, புதியதை எடுத்த அன்றே பழையதை ரத்து செய்வது. புதிய பாலிசியில் எல்லாக் கடிகாரமும் முதலிலிருந்து ஓடும். பழைய பாலிசி பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஒவ்வாமை, புதியதில் ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். மாறியே ஆக வேண்டும் என்றால், புதியதன் நோய்க் காத்திருப்பு முடியும்வரை இரண்டுக்கும் பிரீமியம் கட்டுங்கள். அந்த நாட்களுக்குள்ளேயே, மருத்துவ வரலாற்றை இப்போதே பார்த்து எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று எழுத்தில் தரும்படி புதிய நிறுவனத்திடம் கேளுங்கள். பட்டியலில் அந்த ஒவ்வாமை இருந்தால், பழைய பாலிசியை விடாமல் புதியதை ரத்து செய்ய இன்னும் வழி இருக்கும்.