மடிப்புத்திரையில் தமிழ் அடிக்க முடியுமா?

அலுவலகத்தில் கணினி மாற்றும் நேரம் வந்தால், மடிப்புத்திரைக் கணினி கிடைக்குமா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. விரித்தால் பெரிய டேப்லெட், பாதி மடித்து நிறுத்தினால் கீழ்ப்பாதியில் விசைப்பலகை, மூடினால் பைக்குள். எம்ஆர்டி ரயிலில் பையைச் சுமந்து வந்து, அன்றைக்குக் காலியாக இருக்கும் மேசையைப் பிடித்து உட்காருபவருக்கு ஆசை வருவது நியாயம்தான். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கோ துணை ஆசிரியருக்கோ அது மடிக்கணினிக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. விசைப்பலகைக்கு இடம் போதாது என்பதுதான் காரணம் எனப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் குறை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது.

கணக்கைப் பார்த்துவிடலாம். வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். ஒரு வரிசை 15 விசை அகலம் என்பதால் 285 மி.மீ. வேண்டும். 2020இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டின் திரை 13.3 அங்குலம், 4:3 விகிதம். அதை நடுவில் மடித்தால் கீழ்ப்பாதியின் அகலம் சுமார் 203 மி.மீ. அதில் ஒரு விசைக்கு 13.5 மி.மீ.தான் கிடைக்கும், பக்கத்து விசையையும் சேர்த்து அமுக்குவோம். 2022இல் அசுஸ் கொண்டுவந்த 17.3 அங்குல ஸென்புக் ஃபோல்டில் அந்த அகலம் 264 மி.மீ.; விசைக்கு 17.6. சீனாவில் 2025இல் ஹுவாவே வெளியிட்ட 18 அங்குல மேட்புக் ஃபோல்டில் 18 மி.மீ.யைத் தாண்டுகிறது. இந்த அளவுக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கடையில் சோதிக்க எளிய வழி உண்டு: திரை விசைப்பலகையை வரவழைத்து, கியூ விசையின் இடது ஓரத்திலிருந்து பி விசையின் வலது ஓரம் வரை அளந்து பாருங்கள். முழு அளவு என்றால் 190 மி.மீ. 170க்குக் கீழே போனால் நீண்ட ஆவணங்களுக்கு ஆகாது.

அகலம் மட்டுமே பிரச்சினை என்றால் 2011லேயே அது முடிந்திருக்கும். ஏசர் அந்த ஆண்டு விற்ற ஐகோனியாவில் 14 அங்குலத் திரைகள் இரண்டு. கீழ்த்திரையில் முழு அளவு விசைப்பலகை தாராளமாக விரிந்தது. ஆனாலும் நிலைக்கவில்லை.

நிஜ விசைப்பலகையில் விரல்கள் விசைகளின் மேல் ஓய்வாகக் கிடக்கும். அழுத்தினால்தான் எழுத்து. தொடுதிரையில் விரல் பட்டாலே எழுத்து விழும். அதனால் எட்டு விரல்களையும் அந்தரத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பாரத்தைத் தாங்குவது முன்கையும் தோளும்தான், அரை மணி நேரத்தில் கடுக்கத் தொடங்கும். விசை ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கி விரலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், கண்ணாடி அதைத் திருப்பிக் கொடுக்கும். அதிர்வு தரும் மென்பொருள் எழுத்து விழுந்ததைத்தான் சொல்லும். விரல் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது.

தமிழ் அடிப்பவருக்கு இந்த இடம்தான் இடிக்கிறது. விசைப்பலகையின் எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும். பார்க்காமல் அடிப்பவரின் சுட்டுவிரல்கள் அங்கேதான் வந்து நிற்கும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் எஃப் விசை புள்ளிக்கு, ஜே விசை பகரத்துக்கு. ஒரு பக்கத் தமிழில் புள்ளி எத்தனை முறை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இரட்டிக்கும் மெய்க்கும், ‘ந்த’, ‘ம்ப’ போன்ற மெல்லின, வல்லின இணைகளுக்கும் தமிழ்99 தானே புள்ளி வைத்துவிடும், மற்ற இடங்களில் நாம்தான் வைக்க வேண்டும். மேடு இல்லாத கண்ணாடியில் இடக்கை மெல்ல நகர்ந்துபோகும், போனது தெரியாது. புள்ளி விழ வேண்டிய இடத்தில் உகரமோ எகரமோ விழுந்திருக்கும். கண் திரும்பத் திரும்பக் கீழே போகும். ஆங்கில மூலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் அடிப்பவருக்கு வேகம் போவது இதனால்தான்.

தமிழ்99இல் இன்னொரு சிக்கலும் உண்டு. ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் 26 ஆங்கில எழுத்து விசைகளுக்கு வெளியே, சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளில் இருக்கின்றன. இடத்தைச் சேமிக்க நினைக்கும் வடிவமைப்பாளர் முதலில் கை வைப்பது இந்த விசைகளில்தான். விண்டோஸ் தொடுவிசைப்பலகையின் இயல்பான அமைப்பிலும் இவற்றில் பல முதல் பக்கத்தில் இல்லை. தொடுவிசைப்பலகையின் மேல் மூலையில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, விசைப்பலகை அமைப்பு என்ற பகுதியில் ‘டிரெடிஷனல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா விசைகளும் வரும், ஆனால் ஒவ்வொன்றும் சுருங்கும்.

ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்படி தமிழ் அடிக்கும் அஞ்சல் முறைக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்ட் தேவை. சுண்டுவிரல் ஷிஃப்டில் சரியாகப் பதியாவிட்டால் ‘பள்ளி’ ‘பல்லி’யாகிவிடும். ‘அறை’ ‘அரை’யாகும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள், அகராதியை மட்டும் பார்க்கும் பிழைதிருத்தி பிடிக்காது. பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கையில் பள்ளி பல்லியானால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் தொடுதிரையில் அடிப்பவர்களைக் காப்பாற்றுவது சொல் ஊகிப்பு. ‘வீடுகளிலிருந்தும்கூட’ என்று ஒட்டு மேல் ஒட்டாக வளரும் மொழியில் அதன் கை அவ்வளவு நீளாது.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. லெனோவோ 2016இல் யோகா புக்கில் தட்டையான தொடுவிசைப்பலகையை மட்டும் வைத்துப் பார்த்தது. 2023இல் இரட்டைத் திரையுள்ள யோகா புக் 9i வந்தபோது, கூடவே தனிப் புளூடூத் விசைப்பலகையும் வந்தது. அசுஸ் ஃபோல்டும் அப்படித்தான். கருவி மட்டும் 1.5 கிலோ, விசைப்பலகையோடு 1.8. அந்த விசைப்பலகையைக் கீழ்ப்பாதியின் மேல் வைத்துவிட்டால் மிஞ்சுவது 12.5 அங்குலத் திரை. அமெரிக்காவில் 3,499 டாலருக்கு அறிமுகமான கருவியை இப்படிப் பயன்படுத்துவதற்கு, அதில் பாதி விலைக்கும் குறைவான, எடையும் குறைந்த சாதாரண மடிக்கணினியே போதும்.

அலுவலகத்துக்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு சில. இந்தக் கருவிகளில் உள்ள ஓஎல்இடி வகைத் திரையில் ஒரே படம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் தடம் பதியும் அபாயம் உண்டு. திரை விசைப்பலகை என்பதே அப்படி நிற்கும் படம்தான். கறுப்புப் பின்னணியும் குறைந்த வெளிச்சமும் வைப்பது நல்லது. மடியும் திரையின் மேற்பரப்பு சாதாரணக் கண்ணாடியைவிட மென்மையானது, நீண்ட நகம் கீறும். வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து வியர்த்த கையோடு தொட்டால், தொடாத இடத்திலும் எழுத்து விழலாம். காப்பிக் கடையில் காயா ரொட்டி தின்ற கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் கணினி தொடங்கும் முன்பே கடவு எண் கேட்டால், அந்த நேரத்தில் திரை விசைப்பலகை வராத கருவிகள் உண்டு. யூஎஸ்பி விசைப்பலகை ஒன்று கையில் இருக்க வேண்டும். வேறொரு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் தொலைமேசை இணைப்பிலும் எழுத்துப் பெட்டியைத் தொட்டதும் விசைப்பலகை தானாக எழாமல் போகலாம். பணிப்பட்டையில் அதன் குறியை நிரந்தரமாக வைத்துக்கொள்வது உதவும்.

அப்படியென்றால் எதற்குத்தான் ஆகும்? படிக்க. 17.3 அங்குலத் திரையை நெட்டாக நிறுத்தினால் 26 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர். ஏ4 தாள் முழு அளவில் அடங்கி, ஓரத்தில் குறிப்பெழுத இடமும் மிஞ்சும். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று வைத்து வரிக்கு வரி சரிபார்ப்பதற்கு 14 அங்குல மடிக்கணினி கிட்டவே வராது. சரிபார்ப்பவர் அடிப்பது கொஞ்சம்: ஓர் ஒற்றைச் சேர்ப்பார், ஒரு சொல்லை மாற்றுவார். அதற்குத் திரை விசைப்பலகை தாராளம். வாங்குவதானால் சரிபார்ப்புப் பிரிவுக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அதே பணத்தில் நல்ல விசைப்பலகை உள்ள மடிக்கணினியும், மேசைக்கு ஒரு 27 அங்குலத் திரையும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.