மஞ்சளும் கரியும்: காரோ பழமொழிகளை எப்படிப் படிப்பது

இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில், கபான்ஜாஹே, பெராஸ்தாகி மேட்டு நிலங்களில் வாழும் காரோ மக்களின் பழமொழி ஒன்று: “சிகூனிஙென் ராடு மெகெர்சிங், சிஆகெஙென் ராடு ம்பிரிங்.” ஒருவருக்கொருவர் மஞ்சள் பூசிக்கொண்டால் இருவருமே மஞ்சள், கரி பூசிக்கொண்டால் இருவருமே கறுப்பு.

இதை ‘ஒற்றுமையே பலம்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அதில் பாதி உருவகம் காணாமல் போகிறது. பூசுகிற கையிலும் நிறம் ஒட்டும் என்பதுதான் இதன் உயிர். அடுத்தவன் முகத்தில் கரி பூசப் போனவன் சுத்தமாகத் திரும்ப முடியாது. முதல் பாதியை மட்டும் எடுத்தால் வாழ்த்து. இரண்டாவதும் சேர்ந்தால்தான் எச்சரிக்கை. கறுப்பைத் தோல் நிறமாக எடுத்துக்கொள்வதும் தவறு. காரோ மக்களின் ஐந்து பெருங்குலங்களில் ஒன்றான ‘செம்பிரிங்’ பெயரையே கறுப்பு என்ற இந்த ‘ம்பிரிங்’கோடு சேர்த்து விளக்குவார்கள். (அதன் கிளைகளில் சில: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி. நமக்குக் காது நிமிர்வதில் வியப்பில்லை.) இங்கே இழுக்கு கரிக்குத்தான், கறுப்புக்கு இல்லை.

இன்னொரு வழக்கு: “கலிம்புபு, கண்ணுக்குத் தெரியும் கடவுள்.” கலிம்புபு என்றால் பெண் கொடுத்த வீட்டார். நம் ஊரில் சம்பந்திச் சபையில் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தானே கை ஓங்கும்? அந்தப் பழக்கத்தோடு படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். காரோவில் மரியாதை பெண் கொடுத்தவருக்கு. வேலை, பெண் எடுத்தவரான அனாக் பெருவுக்கு. அதனால் உறவை முதலில் பிடித்துக்கொண்டு, உருவகத்துக்குப் பிறகு போவதே நல்லது. மாமன் மகளைக் கட்டுவதைச் சிறப்பாகக் கருதுவதில் மட்டும் அவர்களும் நம்மைப் போலத்தான்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். எட்டுக் குடும்பங்கள் கூடி வாழ்ந்த பழைய மரவீட்டில் ஊரை நிறுவிய குலத்தாரின் பகுதி ‘பெனா காயு’, அதாவது மரத்தின் அடி. அவர்களுடைய அனாக் பெருவின் பகுதி ‘ஊஜுங் காயு’, மரத்தின் நுனி. நுனி என்றதும் தாழ்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணப் பேச்சானாலும் சண்டை தீர்ப்பதானாலும், ‘ருங்கு’ என்ற கூட்டத்தை முன்நின்று நடத்துவது அனாக் பெருதான்.