தாயைப் பார்த்தனீங்களோ?

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் லாப்ரடோர் நாய்க்குட்டி, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வந்தது. விடியப்புறம் திருகோணமலை பஸ் நிலையத்தில் நடத்துனர் பெட்டியைத் தூக்கித் தந்தார். பேனையால் குத்தின நாலு ஓட்டை. ஓட்டோவில் வீடு வரும்வரை மகள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டபடியே இருந்தாள்.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, வட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்கினது. விற்றவர் எங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. காசு விழுந்ததா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் குட்டி சாப்பாட்டை விட்டது. நாலாம் நாள் சத்தி, பிறகு இரத்தமாக வயிற்றோட்டம். மிருக வைத்தியர் அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டு மாதம் எண்டு சொன்னவையோ? கடைவாய்ப் பால்பல்லே இன்னும் சரியா வரேல்லை. அஞ்சு கிழமைக்குமேல இராது."

தடுப்பூசி அட்டையை நீட்டினேன். பேனையால் எழுதின ஒரு திகதி மட்டும். ஊசி போட்டிருந்தால் மருந்துப் போத்தலின் ஸ்டிக்கரை உரித்து அதில் ஒட்டி, வைத்தியர் கையெழுத்தும் முத்திரையும் வைத்திருப்பார். எங்கள் அட்டையில் ஒன்றுமில்லை.

"தாயைப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பார்வோ வைரஸ், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று. உடம்புக்குள் போய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் எடுக்கும் என்பதால், குட்டி அங்கிருந்தோ வழியிலோ அதை வாங்கிக்கொண்டே வந்திருக்கும் என்றார். இரண்டு நாள் சேலைன் ஏற்றினோம். ஆறாம் நாள் விடிய முதல் போய்விட்டது. விற்றவருக்கு அழைத்தேன், என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருந்தார். அவரிடம் அதே மாதிரி இன்னும் எத்தனை பெட்டி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

சீமெந்து நிலத்தை ப்ளீச் போட்டுக் கழுவலாம், எங்கள் வளவு மணலை என்ன செய்வது? அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு வருடம் குட்டி எடுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். மகள் நாட்காட்டியில் நாள் எண்ணினாள். பிறகு வைத்தியரே உப்புவெளியில் லாப்ரடோர் வளர்த்துக் குட்டி கொடுக்கிற ஒரு அக்காவிடம் அனுப்பினார்.

படலையடியிலேயே அக்கா மறித்தா. செருப்பைக் கழற்றி, கால் கை கழுவச் சொன்னா. வேறு நாய் இருக்கிற வீட்டிலிருந்து வருகிறோமா என்று கேட்டா. நடந்ததைச் சொன்னேன். "எத்தனை மாதமாச்சு?" பதினைந்து என்றதும்தான் உள்ளே விட்டா.

தாய் நாய் தானாக வந்து மகளின் கையை மணந்து, காலடியில் படுத்தது. நாலு வயது, இது இரண்டாவது ஈற்று. "மூண்டுக்கு மேல இவளை விடமாட்டன்" என்றா. லாப்ரடோருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும் என்பதால், குட்டி போட விடமுன்பே பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்திருந்தா. அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. சாதி நாய்களைப் பதிகிற கெனல் அசோசியேஷனின் பதிவும் இருந்தது. அந்தப் பேப்பர் வம்சத்தைத்தான் சொல்லும், உடம்பு நலத்தைச் சொல்லாது என்றும் அவவே சொன்னா.

மகள் ஆசைப்பட்ட குட்டியை மல்லாத்தித் தொப்புளடியைத் தொட்டுக் காட்டினா. பயறளவு வீக்கம். "இதுக்குக் குடல் இறக்கம் இருக்கு. ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம். இதை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை." சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திராது.

பிறகு எங்களை விசாரித்தா. பகலில் ஆர் வீட்டில்? மதில் இருக்கோ? சித்திரை வெயிலுக்கு எங்க படுக்கும்? ஆறு மாதத்தில மகளுக்கு அலுத்துப்போனால் ஆர் பார்ப்பது? சம்பந்தம் பேச வந்த வீட்டில்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு அது பிடித்தது. குட்டி எங்கே போய்ச் சேருகிறது என்ற கவலை இருக்கிறவர்தான் அதெல்லாம் கேட்பார். இந்த வெயிலுக்குள் குளிர்நாட்டு ஹஸ்கி நாயைக் கொண்டுவந்து விற்கிறவர் கேட்பதில்லை.

(தெருவில் நிற்கிற ஊர்க்குட்டியை எடுத்து வளர்க்கிறவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை. காசு கொடுத்துத்தான் வாங்குவது என்று தீர்மானித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.)

அன்றைக்கே குட்டி தரவில்லை. எட்டுக் கிழமை முடியட்டும், தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்று படிக்கும் என்றா. இரண்டு தரம் பூச்சி மருந்து, முதல் ஊசி, ஸ்டிக்கர் ஒட்டின அட்டை எல்லாம் முடிந்தபிறகு கூப்பிட்டா. ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினா: எந்த வயதிலாவது வளர்க்க முடியாமல் போனால், கடற்கரையில் விடாமல், வேறு ஆளிடமும் கொடுக்காமல், தன்னிடமே திருப்பித் தர வேண்டும்.

தாய் படுத்த சாரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தந்தா. முதல் இரவு எங்கள் புதுக்குட்டி கறுப்பி அதற்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு படுத்தாள், கொஞ்ச நேரம்தான் முனகினாள். காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"பிள்ளை இரவு அழுதவளோ?" என்று அக்கா கேட்டா.