கருவை இழந்த பெண்ணிடம் சொல்ல வேண்டியவை

ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயத்துடிப்பு இல்லை என்று தெரிந்ததும் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "டாக்டர் சொல்வார், வெளியே உட்காருங்கள்" என்று அனுப்பிவிடுவது நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் வழக்கமாக இருக்கிறது. வயிறு நிறைந்த கர்ப்பிணிகளுக்கு நடுவில், என்னவென்று புரியாமலே அவள் காத்திருக்கிறாள்.

முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். இதை அவளுடைய சம்மதத்துடன் கணவரையும் மாமியாரையும் அருகில் வைத்துக்கொண்டு அன்றே விளக்கிவிட்டால், பப்பாளி தின்றாயா, ஸ்கூட்டரில் போனாயா என்ற விசாரணை வீட்டில் பெருமளவு குறையும். ஐந்தாம் மாதத்தில் இழந்தவளுக்குப் பால் சுரக்கக்கூடும் என்பதைக்கூடச் சொல்லாமல் அனுப்புகிறார்கள். நனைந்த ரவிக்கையோடு அவள் தனியே திகைத்து நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

பிரசவ வார்டு செவிலியர்களின் பணிச்சுமையை அறிவேன். அவர்கள் மீது மிகுந்த மரியாதையும் உண்டு. ஆனாலும், "வயசு இருக்கிறது, அடுத்தது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் அதே நேரத்தில், "உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, அம்மா" என்றும் சொல்ல முடியும்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கருச்சிதைவின்போது ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே இடம்பெற்ற உரிமை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே அதை எடுத்துச் சொல்லி, கேட்காமலே சான்றிதழையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.